எதை ஊற்றினீர் என்று குறிப்பிடவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் தொடங்கினேன்.

ஒரு வருஷம் மோட்டார் வேனுக்குள் குடித்தனம் நடத்திய ஒருவன், வேன் விற்றுப்போனதும் பினாங்குப் பட்டணத்தில் ஓர் அறைக்குக் குடிவந்து, வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியாமல் முழிக்கிறான். விஷயம் அவ்வளவுதான். "ரப்பர் விலை விழுந்து ஜனங்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள், நீராவது கொஞ்சம் சிரிக்க வையும்" என்று வாரப் பத்திரிகைக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். தோதான ஆள் தானாகவே நடந்து வந்து சேர்ந்தானே என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் அரை மணி நேரம்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"புது வீட்டு வாசலில் நின்ற சூசை, வழக்கம்போல் இரண்டு கற்களைத் தேடியெடுத்து நிலைப்படிக்கு முட்டுக் கொடுத்தான், வீடு உருண்டு போய்விடக் கூடாதே என்று—"

நன்றாகத்தான் இருந்தது. நானே சிரித்தேன். பாதி உண்மையும்கூட. கற்களை அவன் எடுத்தது நிஜம். ஆனால் முட்டுக் கொடுக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மீதியைச் சிரிப்புக்காக நான் சேர்த்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

"பொருளாதார மந்தத்தின் கொடுங்கரங்களில் சிக்குண்டு துடிக்கும் ஏழைப் பாட்டாளியின் இதயக் குமுறலை—"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் ஏதாவது சங்கத்தில் தலைமை தாங்கக் கூப்பிட்டிருப்பார்கள்.

மூன்றாவது: "நான் சூலியா தெருக் கடைகளின் முன்தாழ்வாரத்தில், அஞ்சடியில், மேசை போட்டு மனு எழுதுகிறவன்." இதில் அழகில்லை, பொய்யும் இல்லை. இதிலிருந்தே போகலாம்.

2

சூசைக்கு முப்பது வயதிருக்கும். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, கோயில் சாமியாருக்கு ஒரு மனு எழுதணும்."

"என்னத்துக்கு?"

"எம்புள்ளைய அக்கரையிலேர்ந்து இங்க கொண்டாரணும்."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பத்தொம்பது நாளு."

"தாய் எங்கை?"

"எங்கூட, இங்கதான்."

"பத்தொன்பது நாள் பிள்ளையை அக்கரையிலை விட்டிட்டு ரெண்டு பேரும் இங்கை வந்திட்டியளோ? என்ன மனுசர் காணும் நீங்கள்?"

அவன் தெருவைப் பார்த்தான். ஒரு ரிக்‌ஷா போய்க்கொண்டிருந்தது.

"செத்துப் போச்சுங்க ஐயா. எட்டு மாசம் ஆச்சு. பொதைச்ச எடத்துலேர்ந்து கொண்டாரணும்."

[வாசகருக்கு: நான் யாழ்ப்பாணத்துச் சைவன், பெயர் அப்புத்துரை. வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், சட்டதிட்டம் எனக்குத் தெரியாது. சூசையும் அவன் மனைவி சவுந்தரமும் பரம்பரைக் கத்தோலிக்கர்கள்; அவர்கள் சாமியார் என்பது பாதிரியாரை. இனி அவர்கள் மதத்தைப் பற்றி நான் சொல்வதில் தப்பிருந்தால், அது என் அறியாமை, கேலி அல்ல. கேலிக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.]

3

முகம்மது சுல்தான் என்ற வியாபாரியின் வேன் அது. பன்னீர், அத்தர், ஊதுபத்தி, சாம்பிராணி. படகில் ஏற்றி, கடலுக்கு எதிர்க்கரையான அக்கரைக்குப் போனால் புக்கிட் மெர்தாஜாம், கெப்பாலா பத்தாஸ், அப்புறம் கெடா எல்லைத் தோட்டங்கள் என்று சுற்றித் திரும்ப ஒரு மாதம். பக்கவாட்டுப் பலகையை இறக்கினால் கடை, ஏற்றினால் வீடு. முன்பு வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது சூசையின் பெயரும் அடிபட்டு, லயத்து வீடும் போயிற்று. வேன் ஓட்டத் தெரியும் என்பதால் இந்த வேலை கிடைத்தது. சவுந்தரத்தை விட்டுவர வேறு இடமில்லாததால் அவளும் வேனுக்குள் ஏறினாள். பிள்ளை பிறந்ததும் அதே வழியில் ஏதோ ஒரு தோட்டத்தில்தான்.

கஷ்டகாலத்தில் பன்னீர் விற்பது என்பது, பசித்தவனிடம் வெற்றிலை விற்பதைவிட ஒரு படி மேலான வேலை. ஜனங்கள் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார்கள். பன்னீரை யார் தெளிப்பது? ஒரு வருஷம் பார்த்துவிட்டு முகம்மது சுல்தான் வேனை விற்றார்.

"வேனு போச்சுலா சூசை. நீ எங்கயும் போவாதே. கடைக்குப் பின்னால ரூம்பு சும்மாதான் கெடக்கு. பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து இரு. போத்தல் கட்ற வேலையப் பாரு."

நல்ல மனிதர். இந்தக் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. அவர் அந்த வாய்ப்பையும் கெடுத்துவிட்டார்.

சூசை சொல்லச் சொல்ல, சிரிப்புப் பகுதிக்காக நான் குறித்து வைத்திருந்தவை இவை. அறையில் மரப்பெட்டி அலமாரி இருக்கிறது. ஆனால் சவுந்தரம் பாத்திரங்களைக் கொக்கியில்தான் தொங்க விடுகிறாள், அதுவும் நடுவில் துணியைச் செருகி, ஒன்றோடொன்று இடிக்காமல். உலை கொதிக்கும்போது ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொள்கிறாள். தெருவில் பஸ் போனால் கதவு நிலையைப் பற்றிக்கொள்கிறாள். தகரப் பெட்டியைக் கட்டிய கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

"வீடு நல்ல வீடுதான் ஐயா," என்றான் சூசை. "காத்து வருது. மழ ஒழுகல. அவதான் இன்னும் வரல."

"இப்பதானே கூட இருக்கிறா எண்டனீர்?"

"இருக்கா. ஆனா வரல."

வேன் ஓடிய காலத்தில் மாதம் ஒருமுறை அந்த இடத்தைக் கடந்தார்கள். சவுந்தரம் இறங்கிப் போய், குழந்தையின் குழிமேட்டில் முளைத்திருக்கும் லாலான் புல்லைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். வேன் போனது; அந்தச் சுற்றும் போனது.

"அவன மட்டும் வழியில எறக்கி விட்டுட்டு நம்ம வீடு வந்து சேந்துட்டோம்னு சொல்றா. ஒரே ஒரு தடவதான் சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னாக்கூட திட்டிரலாம்."

இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்தேன். வாரப் பத்திரிகைக்கு வேறு சரக்கு அனுப்பினேன்; ஒரு நகரசபை அங்கத்தினர் குழாயைத் திறந்து வைத்ததும் தண்ணீர் வராமல் போனதைப் பற்றி.

4

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உருக்கமாக எழுத எனக்கு வராது. வந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

மாசி வெயில், நடுப்பகல். கெப்பாலா பத்தாஸுக்கு உள்ளே மண் சாலை. குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வலிப்பு. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது ரேடியேட்டர் கொதித்து வேன் நின்றுவிட்டது. தகர டின்னில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் சூசை ரேடியேட்டரில் ஊற்றினான். அது ஆறுவதற்குள் குழந்தையின் உதடு நீலமானது. சவுந்தரத்துக்கும் காய்ச்சல், பலகையில் கண்ணை மூடிக் கிடந்தவள், "சாமியாருக்கு நேரமில்ல, நீங்களே குடுத்துருங்க" என்றாள்.

குடுப்பது என்றால் ஞானஸ்நானம். சாகப்போகிற குழந்தைக்கு எந்த மனிதனும் கொடுக்கலாமாம். தலையில் தண்ணீர் ஊற்றி, அதற்குரிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். அது இல்லாமல் செத்த குழந்தை மோட்சத்துக்கும் இல்லை, நரகத்துக்கும் இல்லை. நடுவில் எங்கோ இருக்கும். அதைக் கோயில் கல்லறையிலும் புதைக்க முடியாது.

சூசை சுற்றுமுற்றும் பார்த்தான். தகரத்தின் அடியில் எண்ணெய் மிதக்கும் துருத் தண்ணீர் ஒரு கை அளவு. சாலையோர வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். அதில் எருமை படுத்திருந்தது.

"எனக்கு மொதப் புள்ள ஐயா. எரும பொரண்ட தண்ணியையா ஊத்துறது? இல்ல அந்த எண்ணத் தண்ணியையா? கைக்கு எட்டுற தூரத்துல அம்பது போத்தலு நிக்குது. நல்லதா இருக்கட்டும்னு ஒரு புதுப் போத்தல ஒடைச்சேன்."

"பன்னீரோ?"

"ஆமாங்க. கலியாணத்துக்கு வாங்குவாங்களே, அந்த உசந்த சரக்கு."

பிதா, சுதன் என்று தொடங்கும் வார்த்தைகளைத் தப்பில்லாமல் சொன்னான். அருளப்பன் என்று பெயரிட்டான். மூன்று முறை ஊற்றினான். குழந்தை ஒரு தடவை கண்ணைத் திறந்ததாம். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வேன் ஆறி, கிளம்பத் தயாராக நின்றது. பக்கத்துத் தோட்டத்துச் சுடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள்.

எதை ஊற்றினான் என்று சவுந்தரத்துக்குத் தெரியாது. அந்த வேனில் எப்போதும் அந்த வாசனைதான். அவர்கள் சோற்றிலும் அதுதான், தலையணையிலும் அதுதான்.

அதில் ஏதும் தப்பு இருக்கும் என்று சூசைக்கும் அப்போது தெரியாது. மட்டமானதைத் தள்ளிவிட்டு உசத்தியானதைக் கொடுத்தோம் என்றுதான் இந்த எட்டு மாதமும் நினைத்திருந்தான். அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

5

கேலிக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேன். அது இது.

பாக்கியசாமி உபதேசியார், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காகிதங்களைப் பார்க்கிறவர். மழை பெய்தாலும் விரிக்காத குடையுடன் நடப்பவர். குடை நனைந்துவிடும் என்பதற்காக. "வணக்கம்" என்ற ஒரு சொல்லை நான்கு மூச்சில் சொல்லக்கூடியவர். திருச்சபையின் சட்டம் என்று சொல்லும்போது, அதை எழுதிய மேசையில் தாமும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது போன்ற பார்வை. சூசை முதல்முறை போனபோது, சாட்சி யார் என்று கேட்டுவிட்டு, அவர் விரல் விட்டு விளக்கினாராம்: "வெறும் தண்ணீராக இருத்தல் வேண்டும். பால், எண்ணெய், பன்னீர் இவையெல்லாம் செல்லா. எருமை கிடந்த தண்ணீரும் செல்லும், பன்னீர் செல்லாது."

சூசை "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டான். யாரைக் கேட்பது? ஊற்றியவன் அவன்தான்.

நேரே என் மேசைக்கு வந்தான். பதினேழு வருஷம் மனு எழுதிப் பழகிய நான் ஒரு நல்ல வாக்கியம் போட்டேன்: "மரண அவஸ்தையிலிருந்த மேற்படி குழந்தைக்கு உரிய முறைப்படி ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டது." சர்க்காரில் இந்த வாக்கியத்தைப் போட்டால் யானையே தாண்டிவிடும். மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் நீலப் பென்சிலில், முத்து முத்தான எழுத்தில்: "எதை ஊற்றினீர் என்று குறிப்பிடவும்."

எனக்குக் கோபம். குடைக்காரரை ஒரு கை பார்ப்பது என்று நானே கிளம்பினேன்.

[இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். குடை நான் சேர்த்தது. கேலிக்கு ஒரு பிடி வேண்டுமே என்று அவர் கையில் கொடுத்தேன். உண்மையில் நான் போனபோது அவர் கையில் விளக்குமாறு இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.]

"ஒரு தகப்பனை இப்பிடி வதைக்கிறியளே, இது என்ன நியாயம்?" என்றேன்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"அந்தச் சட்டத்த நான் எழுதலீங்க. அந்த மூலையில ரெண்டு சின்னச் சிலுவ தெரியுதா? ரெண்டும் என்னோடது." அவர் நான்கு மூச்சு எடுக்கவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார். "பன்னீருன்னு நான் சொன்னப்ப அந்த ஆளு மூஞ்சி போன போக்கப் பாத்தேன். அதனாலதான் வாயால கேக்காம எழுதிக் கேட்டேன். தண்ணின்னு ஒரு வார்த்த எழுதிட்டு வாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சாமியாரும் கேக்க மாட்டாரு."

கேலிப் பகுதி இத்துடன் முடிந்தது. இந்தப் பதினேழு வருஷத்தில் ஓர் ஆள் இவ்வளவு மோசமாக என்னை ஏமாற்றியதில்லை.

6

சிக்கல் தீர்ந்தது என்று சூசையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முகம் தெளியவில்லை.

"பொய்தானே ஐயா அது."

"நான் எழுதின மனுக்களிலை உண்மை எத்தினை எண்டு உமக்குத் தெரியுமோ? கவர்ன்மெண்டே அதிலைதான் ஓடுது."

"கவர்ன்மெண்டுக்குச் சரி. இது அங்க போற காகிதம்." மேலே காட்டவில்லை, தலையை மட்டும் லேசாகச் சாய்த்தான். "பொய்க் காகிதத்தக் காட்டி எம்புள்ள உள்ள போனா, அங்க பாத்துட்டு வெளிய தள்ளிட மாட்டாங்களா? பொறந்து பத்தொம்பது நாளு. அவனுக்குப் பதில் சொல்லத் தெரியுமா?"

"அப்ப உள்ளதை எழுதுவம்."

"எழுதினா அவளுக்குத் தெரிஞ்சிரும். அவளப் பொறுத்த மட்டுல புள்ள மோட்சத்துல இருக்கு, ஒடம்பு மட்டுந்தான் தூரத்துல கெடக்கு. நான் போய், ரெண்டுமே இல்லடி, நான் உசந்த சரக்கா ஊத்திட்டேன்னு சொல்றதா?"

மனு எழுதுகிறவனுக்குத் தெரிந்தது மனு எழுதுவதுதான்.

புதிய தாளில் மனு முழுவதையும் எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டேன். சூசைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மைத் திண்டில் பெருவிரலை அழுத்தி அடியில் வைத்தான்.

"நீங்க படிச்சவங்க. எது சரின்னு தோணுதோ அத எழுதிக்குங்க. என்ன எழுதினீங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம்."

அவன் போய்விட்டான். இடம் விட்ட தாளில் ரேகை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவதை நம்பிக்கை என்கிறார்கள். எனக்கு அப்போது வேறொரு சொல் தோன்றியது, அச்சில் வராது.

7

இன்று காலை சவுந்தரம் வந்தாள். அவளை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒல்லியான பெண். கையில் ஒரு துணி முடிச்சு.

"எழுதிட்டீங்களா ஐயா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு, தங்கச்சி."

"பாக்கலாமா?"

கொடுத்தேன். கணவனுக்குப் போல் அவளுக்கும் படிக்கத் தெரியாது என்று நினைத்தேன். மடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் நான்காவது வரை படித்தவள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் விரலை வைத்து வரி வரியாக இறங்கி, அந்த இடத்தில் நின்றாள்.

"இங்க ஒரு எடம் காலியா கெடக்கே."

"மை காய்ஞ்சு போச்சு."

என் முன்னால் இருந்த மைக்கூட்டைப் பார்த்தாள். துணி முடிச்சை மேசையில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு துணி, கைக்குட்டை அளவு, நான்காக மடித்தது.

"சாட்சி யாருன்னு கேட்டாங்களாமே. அன்னிக்கு அவன் தலையத் தொடச்ச துணி. தோய்க்கல. பெட்டியிலயே வச்சிருந்தேன். மனுவோட சேத்துக் குடுத்தா ஆகுமா?"

வாங்கினேன். எட்டு மாதம் தகரப் பெட்டிக்குள் இருந்த துணி. பன்னீர் வாசனை. ஆனால் அவள் சேலையிலும் அதே வாசனை. சூசையின் பெருவிரல் பட்ட தாளிலும் அதேதான். துணி எதற்கும் சாட்சி சொல்லவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கயிறு அவிழ்க்காத பெட்டியை இந்தத் துணிக்காக மட்டும் அவள் அவிழ்த்திருக்கிறாள்.

"தங்கச்சி, உமக்கு அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கோ?"

"கண்ண மூடிக் கெடந்தேன் ஐயா." துணியைத் திரும்ப வாங்கி மடித்தாள். "காது மூடல. போத்தல் ஒடையிற சத்தம் ஒண்ணு கேட்டுச்சு. அந்த ரோட்டுல தெனமும் ஏதாச்சும் ஒண்ணு ஒடையும்."

அவளுக்குத் தெரியுமா? அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது எழுதலாம் என்று பார்க்கிறேன். அந்த முகத்தில் எழுதும்படியாக ஒன்றுமே இல்லை.

"எழுதிட்டு எங்கிட்டயே குடுங்க," என்றாள். "நான்தான் கொண்டு போய்க் குடுக்கணும். கல்லறத் திருநாளுக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்கு. அதுக்குள்ள கொண்டாந்துட்டா ஒரு மெழுவத்தி ஏத்தலாம்."

"பின்னேரம் வாருமன்."

"இருக்கேன்."

8

முடிவுகள் கைவசம் மூன்று உண்டு.

ஒன்று. தண்ணீர் என்று எழுதுகிறேன். பாக்கியசாமி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார். அருளப்பன் படகேறி வருகிறான். தகரப் பெட்டியின் கயிறு ஒரேயடியாக அவிழ்கிறது. ஆனால் போத்தல் உடைந்த சத்தத்தை அவள் சரியாகவே கேட்டிருந்தால், இந்தத் தாளைப் படிக்கும்போது கணவன் பிள்ளை விஷயத்தில் பொய்க்கு ரேகை வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள். அப்புறம் அந்த வீட்டில் யார் வந்தாலும் யார் வராவிட்டாலும் ஒன்றுதான்.

இரண்டு. பன்னீர் என்று எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், என் கையெழுத்திலிருந்து தெரிந்துகொள்வாள், இந்த அஞ்சடியில், எதிர்க்கடைக்காரர்கள் பார்க்க. பிள்ளை இரண்டாம் தடவை சாகும். இந்தத் தடவை கொன்றவன் சூசை. ஒரு நல்ல பொருளைக் கொடுத்த குற்றத்துக்காக.

மூன்று. தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று—

இல்லை. நல்ல கதைகளில் வருகிற பெரியவர் இப்படிச் செய்வார். நான் அந்த ஆள் அல்ல. அந்த ரேகையும் கிழிப்பதற்காக வைத்தது அல்ல.

9

பின்னேரம் ஆகிவிட்டது. வெயில் அஞ்சடிக்குள் நீண்டு மேசைக் காலைத் தொட்டுவிட்டது. காலையிலிருந்து நான் எழுதிக்கொண்டிருப்பது இந்தக் கதையைத்தான். அவள் மனு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "ரொம்பப் பெருசா எழுதுறீங்களே ஐயா" என்று ஒருமுறை கேட்டாள். "சாமியார் படிச்சவர், விவரமா எழுதவேணும்" என்றேன். அதுவும் பொய். இவ்வளவு பக்கமும் அந்த ஒரு சொல்லை எழுதாமல் இருப்பதற்காக எழுதியவை.

அவள் எதிரே படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துணி முடிச்சு. ஒரு கை தூணைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. பஸ் ஏதும் போகவில்லை. ஆனாலும் பிடித்திருக்கிறாள்.

காகிதம் தீர்ந்துகொண்டு வருகிறது. மனுவின் அந்த வரியை மட்டும் இங்கே பார்த்து எழுதுகிறேன். நீங்கள் அவர்களுக்கு வேண்டியவரா, அந்நியரா, வேதக்காரரா, என்னைப்போல் ஒன்றும் அறியாதவரா என்று எனக்குத் தெரியாது. பேனா இதோ. படிக்கப் போகிறவள் சாமியார் அல்ல, அவள்தான். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

"மேற்படி குழந்தை அருளப்பனின் தலையில், அதன் தகப்பனாகிய நான், என்னால் இயன்ற பக்தியுடன் மூன்று முறை ஊற்றியது                     ஆகும்."

எழுந்து வருகிறாள்.